பழைய ஸ்போர்ட்ஸ் காரின் தேய்ந்த அசல் பாகங்கள்: அறிகுறியிலிருந்து பழுதுக்கு

பழைய இத்தாலிய ஸ்போர்ட்ஸ் காரில் ஏதாவது ஒன்று மக்கர் செய்ய ஆரம்பித்தால், சுற்றி நிற்பவர்கள் சொல்லும் முதல் யோசனை "அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு மாட்டு" என்பதுதான். மாட்டலாம், கிடைத்தால். பல பாகங்கள் இப்போது தயாரிப்பிலேயே இல்லை. மறுதயாரிப்பாக வருபவற்றில் சில அச்சு அசலாக இருக்கும், சில ஓட்டைக்கு ஓட்டை பொருந்தாது. கழற்றிப் போட்ட அசல் பாகமோ பெரும்பாலும் முழுதாகக் கெட்டிருக்காது. உள்ளே ஒரு புஷ் (அசையும் மூட்டுக்குள் இருக்கும் சின்ன வளையம்) தேய்ந்திருக்கும், ஒரு சீல் காய்ந்திருக்கும், ஒரு முனையில் களிம்பு ஏறியிருக்கும். அந்தச் சின்னப் பொருளைக் கண்டுபிடித்து மாற்றிவிட்டால் வெளிக்கூடு இன்னும் பல வருஷம் ஓடும்.

இங்கே எழுதுவது முக்கியமாக ஃபெராரியின் 308 (1975), டெஸ்டரோசா (1984), 328 (1985), 348 (1989), எஃப்355 (1994) ஆகிய வண்டிகளை மனத்தில் வைத்து. அதே காலத்து லம்போர்கினி, மாசெராட்டி, லோட்டஸ் வைத்திருப்பவர்களுக்கும் பாதிக்கு மேல் பொருந்தும்.

தொடங்குமுன் ஒன்று. கழற்றும் எதையும் கழற்றுவதற்கு முன் படம் எடுங்கள். ஒவ்வொரு வயரிலும் காகித டேப் ஒட்டி எண் போடுங்கள். தேய்ந்து எடுத்த பாகத்தை, அது எவ்வளவு கேவலமாக இருந்தாலும், வேலை முடிந்து வண்டி ஓடும்வரை குப்பையில் போடாதீர்கள். அளவெடுக்க உங்களிடம் இருக்கும் ஒரே சாட்சி அதுதான். வார்ப்பில் பொறித்த எண்கள் இருந்தால் அவற்றின் மேல் கம்பி பிரஷ், மணல் வீச்சு எதுவும் படக்கூடாது. அசல் எஞ்சின், அசல் கியர்பாக்ஸ் என்று நிரூபிக்க அந்த எண்கள்தான் வேண்டும்.

பெட்ரோல் வாசனை வருகிறது

இதை முதலில் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. மற்ற எல்லா அறிகுறிகளையும் அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைக்கலாம், இதை முடியாது. எஞ்சின் நடுவில் இருக்கும் வண்டியில் பெட்ரோல் குழாய்களும் சூடான எக்ஸாஸ்ட்டும் ஒரே கூண்டுக்குள் இருக்கின்றன. ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால் நடப்பது அவருக்குத் தெரியாது. கண்ணாடியில் புகை தெரியும்போது பாதி வேலை முடிந்திருக்கும்.

வண்டியை ஓட்டாதீர்கள். ஆறவிட்டு, பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு, ஒவ்வொரு குழாயையும் விரலால் வளைத்துப் பாருங்கள். வளைக்கும் இடத்தில் மெல்லிய வெடிப்புக் கோடுகள் தெரிந்தால் அது போய்விட்டது. மேலே உலோகப் பின்னல் போட்ட குழாய்தான் இன்னும் மோசம். வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே ரப்பர் பொடிந்திருக்கும். டேங்க்குகளை இணைக்கும் தடித்த குழாயும், நிரப்பும் கழுத்துக் குழாயும் பலர் மறந்துவிடும் இடங்கள்.

அசல் பாகத்தைக் காப்பாற்ற வேண்டும் என்ற கொள்கை இங்கே செல்லாது. எத்தனால் கலந்த பெட்ரோலைத் தாங்கும் என்று குறிப்பிட்ட புதிய குழாய் போடுங்கள், புதிய கிளாம்ப் போடுங்கள். வேண்டுமானால் பழைய குழாய்களை ஒரு பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். பிரேக் ஹோஸ், டைமிங் பெல்ட், டயர் ஆகியவற்றுக்கும் இதே விதிதான். எஃப்40 மாதிரி ரப்பர் பை வைத்த டேங்க் உள்ள வண்டிகளில் அந்தப் பைக்கே ஆயுள் கணக்கு உண்டு. வண்டி ஓடியதா நின்றதா என்பது அதற்குக் கணக்கில்லை.

கதவுக் கண்ணாடி நத்தை மாதிரி ஏறுகிறது

இந்தக் காலத்து வண்டிகளில் ஏறத்தாழ எல்லோருக்கும் உள்ள தொல்லை. உடனே மோட்டாரைக் குறை சொல்லாதீர்கள். ஒரு வண்டியில் நானும் அப்படித்தான் மோட்டாரைக் கழற்றி, திறந்து, துடைத்து, கிரீஸ் வைத்து, மூன்று மணி நேரம் கழித்து மாட்டினால் கண்ணாடி அதே வேகத்தில் ஏறியது. குற்றவாளி கதவுத் தூணில் இருந்த ஒரு எர்த் போல்ட். யாரோ எப்போதோ வண்டிக்குப் பெயின்ட் அடித்தபோது அதன் அடியிலும் பெயின்ட் போய்விட்டது.

அதனால் முதலில் மல்டிமீட்டர். கதவின் உட்பலகையை எடுத்து, மோட்டாருக்குப் போகும் இரண்டு வயர் முனைகளிலும் மீட்டரை வையுங்கள். எஞ்சின் ஓடட்டும். கண்ணாடி ஏறிக்கொண்டிருக்கும்போது, அதாவது சுமை இருக்கும்போது, எத்தனை வோல்ட் என்று பாருங்கள். சுமை இல்லாமல் அளந்தால் எல்லாம் நன்றாக இருப்பதாகவே காட்டி ஏமாற்றும். பேட்டரியில் 13.8 இருந்து மோட்டாரில் 12.5 வந்தால் மின்பாதை பரவாயில்லை, பழுது மோட்டாரிலோ கண்ணாடி ஓடும் தடத்திலோ இருக்கிறது. மோட்டாரில் 9 அல்லது 10 தான் வருகிறது என்றால் மோட்டாரைத் தொடவே வேண்டாம்.

வோல்ட் குறைவாக இருந்தால் எங்கே தொலைகிறது என்று துரத்த வேண்டும். மீட்டரின் ஒரு முனை பேட்டரி பாசிட்டிவில், மறுமுனை ஃபியூஸின் இந்தப் பக்கம், அந்தப் பக்கம், ஸ்விட்ச்சின் உள்ளே போகும் முனை, வெளியே வரும் முனை என்று படிப்படியாக நகர்த்துங்கள். எந்த இடத்தைத் தாண்டும்போது மீட்டர் சட்டென்று குதிக்கிறதோ அங்கேதான் திருடன். அப்புறம் எர்த் பக்கமும் இதே மாதிரி, பேட்டரி நெகட்டிவிலிருந்து. பெரும்பாலும் ஸ்விட்ச்சுக்குள்தான் இருக்கும். மோட்டாரின் முழு மின்னோட்டமும் அந்தச் சின்ன ஸ்விட்ச் வழியாகவே போகும்படி அமைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் உள்ளே ஒரு பொறி. கொஞ்சம் கொஞ்சமாகச் செம்பு கருகி, மேடு பள்ளமாகி விடுகிறது.

ஸ்விட்ச்சைத் திறப்பது கஷ்டமில்லை. பக்கத்துக் கொக்கிகளை மெல்லிய தகட்டால் விலக்கினால் மூடி வரும். ஆனால் உள்ளே ஒரு ஸ்பிரிங்கும் சின்னக் குண்டும் காத்திருக்கும், பறந்து போனால் தேட முடியாது. ஒரு பிளாஸ்டிக் பைக்குள் கையை விட்டுத் திறப்பது நல்லது. கருகிய முனையை 1000 நம்பர் சாண்ட் பேப்பரால் லேசாகத் தேய்த்து, ஆல்கஹாலால் துடைத்து, மின்முனைக்கான கிரீஸை ஊசி முனையளவு வையுங்கள். இதை மறுபடி கருகாமல் காக்க வேண்டுமென்றால் கதவுக்குள் ரிலே போடுங்கள். அப்போது ஸ்விட்ச் ரிலேயைத் தூண்டினால் போதும், சுமையை ரிலே சுமக்கும். அசல் வயரை எங்கேயும் வெட்டாமல், நடுவில் செருகும்படி செய்துகொண்டால் நாளைக்கு எடுத்துவிட்டுப் பழையபடி ஆக்கலாம்.

வோல்ட் சரியாக வருகிறது, ஆனாலும் மெதுவாக ஏறுகிறது என்றால் மோட்டாரைப் பிரித்துவிட்டுக் கண்ணாடியைக் கையால் தூக்கிப் பாருங்கள். இரண்டு கையாலும் முக்கித் தூக்க வேண்டியிருந்தால் தடத்தில் உள்ள ரப்பர் கெட்டியாகியிருக்கிறது, அல்லது தூக்கும் அமைப்பில் பழைய கிரீஸ் மெழுகாகியிருக்கிறது. கிரீஸை மண்ணெண்ணெய் தொட்ட துணியால் முழுக்க எடுத்துவிட்டு லித்தியம் கிரீஸ் வையுங்கள். ரப்பர் தடத்துக்கு சிலிக்கான் மட்டும். வேறு எண்ணெய் பட்டால் ரப்பர் ஊதிக் கண்ணாடியை இன்னும் இறுக்கிப் பிடிக்கும்.

கண்ணாடி கையால் சுலபமாக ஏறினால் மட்டுமே மோட்டார். உள்ளே கார்பன் பிரஷ் குட்டையாகியிருக்கும், ஆர்மேச்சரின், அதாவது சுழலும் பகுதியின், செம்பு வளையம் கரி பூசியிருக்கும். அதே அகல உயரமுள்ள கார்பனை வாங்கி, அல்லது சற்றுப் பெரியதை வாங்கி சாண்ட் பேப்பரில் தேய்த்து அளவாக்கிப் போடலாம். செம்புப் பட்டைகளுக்கு நடுவிலுள்ள பள்ளங்களில் அடைந்த கரித்தூளை ஊசியால் சுரண்டி எடுக்க மறக்காதீர்கள். பலர் வளையத்தைப் பளபளவென்று தேய்த்துவிட்டு இந்தப் பள்ளத்தை விட்டுவிடுவார்கள். அப்புறம் மோட்டார் முன்னைவிடச் சூடாகும்.

விளக்கு மங்குகிறது, ஃபேன் சில நாள் ஓடுகிறது சில நாள் ஓடவில்லை

ஃபியூஸ் பெட்டி. மூடியைத் திறந்து மூக்கை அருகே கொண்டுபோங்கள், கருகிய பிளாஸ்டிக் வாசனை தெரியும். பெட்டியில் ஒன்றிரண்டு ஃபியூஸைச் சுற்றி மட்டும் பிளாஸ்டிக் பழுப்பாகியிருக்கும். அவை பெரும்பாலும் பெட்ரோல் பம்பும் ரேடியேட்டர் ஃபேனும். நேரம் காலம் இல்லாமல் அதிக மின்னோட்டம் இழுப்பவை அவைதான்.

ஏன் கருகுகிறது என்று ஒரு சின்னக் கணக்கு. ஃபியூஸ் உட்காரும் கொக்கியில் களிம்பேறி 0.1 ஓம் தடை மட்டும் உண்டாகியிருக்கிறது, அதன் வழியே 10 ஆம்பியர் ஓடுகிறது என்று வையுங்கள். 1 வோல்ட் அங்கேயே தொலைகிறது, 10 வாட் வெப்பமாக. சின்ன சால்டரிங் இரும்பின் பாதிச் சூடு, நாள் முழுக்க, ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள். சூட்டில் கொக்கியின் ஸ்பிரிங் தளர்ந்து பிடி குறையும், பிடி குறைந்தால் தடை கூடும், சூடு இன்னும் ஏறும். இதைப் பார்த்து யாராவது பெரிய ஃபியூஸ் போட்டால் அடுத்து உருகுவது வயர்.

பேட்டரியைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு ஃபியூஸையும் எடுங்கள். கொக்கி நிறம் மாறாமல் களிம்பு மட்டும் இருந்தால் துடைத்து, மூக்கு பிளையரால் லேசாக நெருக்கி, புதிய ஃபியூஸ் போடலாம். ஆனால் செம்பு ஊதா நிறமாகியிருந்தால் அதன் ஸ்பிரிங் தன்மை செத்துவிட்டது, நெருக்கினாலும் நிற்காது. அந்த ஒரு கொக்கியை மட்டும் மாற்ற முடியுமா என்று பெட்டியின் பின்பக்கம் பாருங்கள். முடியவில்லையென்றால் பெட்டியை மாற்றத்தான் வேண்டும், அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. பின்பக்கம் ரிவெட் அடித்த இணைப்புகளையும் சோதியுங்கள். முன்பக்கம் நன்றாக இருந்து ரிவெட்டில் தளர்ந்திருப்பது அடிக்கடி நடக்கும்.

ஒரு முகப்பு விளக்கு எழுகிறது, இன்னொன்று தூங்குகிறது

மடித்து எழும் விளக்குள்ள வண்டிகளுக்கே உரிய ஒற்றைக்கண் நோய். மோட்டாரில் கையால் திருப்பும் குமிழ் ஒன்று இருக்கும். ஃபியூஸை எடுத்துவிட்டு அதைத் திருப்பி விளக்கை எழுப்புங்கள். கை திருப்பும்போது ஓரிடத்தில் மட்டும் இறுகினால் மூட்டுகளில் துரு. குமிழ் சுழல்கிறது, விளக்கு அசையவில்லை என்றால் உள்ளே பல்சக்கரம் போய்விட்டது. இரண்டும் நன்றாக இருந்தால் மறுபடி மீட்டரோடு உட்கார வேண்டியதுதான், மேலே கண்ணாடிக்குச் சொன்ன அதே துரத்தல். மூட்டுகளில் உள்ள புஷ் தேய்ந்திருந்தால் விளக்கு எழுந்த பிறகு சாலையில் தலையாட்டும். லேத்தில் நைலான் அல்லது வெண்கலத்தில் புதிய புஷ் கடைந்து போடுவது அரை நாள் வேலை.

பொத்தான்கள் கையில் ஒட்டுகின்றன

1990களின் நடுவிலிருந்து ஃபெராரி உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் பொத்தான்களுக்கும் ஏசி துவாரங்களுக்கும் மென்மையாக இருக்கட்டும் என்று ரப்பர் மாதிரி ஒரு பூச்சு அடித்தார்கள். காற்றின் ஈரத்தாலும் வெப்பத்தாலும் அந்தப் பூச்சு காலப்போக்கில் சிதைந்து வெல்லப்பாகு மாதிரி ஆகிவிடுகிறது. அழுக்கு இல்லை, ஆகவே சோப்பு போட்டால் போகாது. பூச்சையே எடுக்க வேண்டும்.

ஐசோபிரப்பைல் ஆல்கஹால், பஞ்சுத் துணி, பொறுமை. பொத்தானைக் கழற்றி, பின்பக்கத்தில் ஒரு மூலையில் ஆல்கஹாலைத் தொட்டு ஒரு நிமிடம் பாருங்கள், அடியில் உள்ள பிளாஸ்டிக் வெளுக்கிறதா என்று. வெளுக்கவில்லை என்றால் தொடரலாம். ஆனால் முன்பக்கம் போகுமுன் அந்தப் பொத்தானில் உள்ள சின்னத்தை உற்றுப் பாருங்கள். சிலவற்றில் சின்னம் பூச்சின் மேலேயே அச்சிட்டிருக்கும். துடைத்தால் பூச்சோடு அதுவும் போகும். நான் முதல் முறை செய்தபோது மூன்று பொத்தான்களை மொட்டையாக்கினேன். எது எதற்கு என்று படத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அப்படிப்பட்டவற்றை இந்த வேலையையே தொழிலாகச் செய்பவர்களிடம் கொடுத்து, பூச்சும் சின்னமும் புதிதாகப் போட்டு வாங்குவதே மேல். சின்னம் இல்லாத துவாரம், கைப்பிடி ஆகியவற்றை நீங்களே சுத்தம் செய்து மங்கலான கறுப்புப் பெயின்ட் அடித்துக்கொள்ளலாம். அசெட்டோன் பக்கம் மட்டும் போகாதீர்கள், பிளாஸ்டிக்கே கரையும்.

இரண்டாம் கியர் விழ மறுக்கிறது

முதல் கேள்வி: எப்போது? காலையில் எடுத்த முதல் பத்து நிமிடம் மட்டுமா? அப்படியானால் பழுதே இல்லை. இந்தக் கியர்பாக்ஸ்களில் எண்ணெய் குளிர்ந்திருக்கும்போது தடித்து, கியர்களின் வேகத்தைச் சமன்செய்யும் சின்க்ரோ வளையத்தை வேலை செய்யவிடாது. பழைய ஆட்கள் முதலாம் கியரிலிருந்து நேரே மூன்றாம் கியருக்குப் போவார்கள், எண்ணெய் சூடானதும் இரண்டாம் கியருக்கு வருவார்கள். இழுத்துத் திணித்தால் இல்லாத தேய்மானத்தை நீங்களே உண்டாக்குவீர்கள்.

சூடான பிறகும் கரகரவென்று அரைத்தால் மூன்று சந்தேகங்கள், இந்த வரிசையில் பாருங்கள்.

கிளட்ச் முழுதாக விடுபடவில்லையா? எஞ்சின் ஐட்லிங்கில், கிளட்சை முழுதாக மிதித்து நான்கு விநாடி எண்ணி, ரிவர்ஸ் போடுங்கள். சத்தமில்லாமல் விழுந்தால் கிளட்ச் நிரபராதி. அரைத்தால் கியர்பாக்ஸைப் பற்றிப் பேச்சே எடுக்காமல் கிளட்ச் எண்ணெய், சிலிண்டர், சரிக்கட்டு எல்லாம் பாருங்கள்.

கியர் கம்பியின் இணைப்புகள் தளர்ந்திருக்கின்றனவா? கியர் கம்பி நகர்வதற்கென்று பள்ளங்கள் வெட்டிய உலோகத் தடத் தகடு இங்கேதான் உதவும். கம்பி ஓடும் பள்ளங்களைப் பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள். இரண்டாம் கியர் பள்ளத்தின் ஒரு பக்க விளிம்பு மட்டும் கண்ணாடி மாதிரி பளபளத்து, மறுபக்கம் மங்கலாக இருந்தால், கம்பி நடுவில் ஓடாமல் சுவரில் உரசிக்கொண்டு போகிறது என்று அர்த்தம். இணைப்புகளில் உள்ள புஷ் தேய்ந்து அமைப்பே ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. வண்டிக்கு அடியில் ஒருவர் இருந்து இணைப்பு மூட்டை விரலால் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் கியர் கம்பியை லேசாக ஆட்டினால், கம்பி நகர்ந்து மூட்டு நகராத இடைவெளி விரலிலேயே தெரியும். அந்தப் புஷ்ஷைக் கடைந்து மாற்றி, நூல் பிடித்த மாதிரி சரிக்கட்டினால் பாதி வண்டிகள் இத்தோடு குணமாகிவிடும்.

இரண்டும் சரி, இன்னும் அரைக்கிறது என்றால் இரட்டைக் கிளட்ச் போட்டுப் பாருங்கள்: கிளட்ச் மிதித்து நியூட்ரல், விட்டு, கொஞ்சம் ஆக்சிலரேட்டர், மறுபடி மிதித்து இரண்டாம் கியர். அப்படிப் போட்டால் வெண்ணெய் மாதிரி விழுகிறது, சாதாரணமாகப் போட்டால் அரைக்கிறது என்றால் சின்க்ரோ வளையம் தேய்ந்திருக்கிறது. அதற்குக் கியர்பாக்ஸைப் பிரிக்க வேண்டும். எண்ணெயில் மந்திரம் எதிர்பார்க்காதீர்கள். எண்ணெய் பற்றி ஒரு எச்சரிக்கையும் உண்டு: ஜிஎல்-4 எனும் வகை எண்ணெய் கேட்கும் கியர்பாக்ஸில், உயர்ந்தது என்று நினைத்து ஜிஎல்-5 ஊற்றினால், அதிலுள்ள கந்தகச் சேர்மங்கள் பித்தளை, வெண்கல வளையங்களை அரிக்கக்கூடும். கையேட்டில் எந்த ஜிஎல் எண் போட்டிருக்கிறது என்று பாருங்கள்.

சூடாக இருக்கும்போது ஸ்டார்ட் ஆகமாட்டேன் என்கிறது

ஓட்டிவிட்டு வந்து கால் மணி நேரம் நிறுத்தி, மறுபடி சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை. ஒரு மணி நேரம் கழித்துத் தட்டினால் உடனே பிடிக்கிறது. இது 1980-இல் 308-க்கு வந்து, 328, டெஸ்டரோசா வரை இருந்த போஷ் கே-ஜெட்ரானிக் எனும் பெட்ரோல் இன்ஜெக்ஷன் அமைப்பின் பழக்கமான முகம்.

இந்த அமைப்பில் பெட்ரோல் 5 பார் அளவிலான அழுத்தத்தில் தொடர்ந்து போய்க்கொண்டிருக்கும். எஞ்சினை நிறுத்திய பிறகும் குழாயில் ஓரளவு அழுத்தம் தங்கியிருக்க வேண்டும். தங்கினால்தான் சூட்டில் பெட்ரோல் ஆவியாகாது. தங்கவைப்பது இரண்டு பேர்: பம்பின் வாயில் உள்ள ஒருவழி வால்வு, அப்புறம் அக்யூமுலேட்டர் எனும் உருளை. அழுத்த மீட்டரை மாட்டி, எஞ்சினை நிறுத்தி, இருபது நிமிடம் பாருங்கள். முள் சில விநாடிகளிலேயே பூஜ்யத்துக்கு விழுந்தால் இவர்களில் ஒருவர் கைவிட்டுவிட்டார்.

யார் என்று பிரிப்பது சுலபம். அக்யூமுலேட்டரின் பின்பக்கம் திரும்பிப் போகும் சின்னக் குழாயைக் கழற்றுங்கள். அதில் பெட்ரோல் வந்தால் உள்ளே சவ்வு கிழிந்திருக்கிறது. அது மூடி நசுக்கிச் செய்த பாகம், பிரித்து ஒட்ட முடியாது, மாற்றத்தான் வேண்டும். அங்கே உலர்ந்திருந்தால் பம்பின் வால்வைப் பாருங்கள். பல பம்புகளில் அது தனியாகத் திருகி எடுக்கும்படி இருக்கும், அசல் பம்பை வைத்துக்கொண்டு வால்வை மட்டும் மாற்றலாம். இரண்டும் சரியென்றால் எந்த இன்ஜெக்டராவது சொட்டுகிறதா என்று பாருங்கள்.

நீண்ட நாள் நின்ற வண்டியில் இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோலைப் பிரித்துத் தரும் பகுதியில் உள்ள பிஸ்டன் ஒட்டிக்கொள்வதும் உண்டு. சாண்ட் பேப்பரை அதன் அருகில்கூடக் கொண்டு வராதீர்கள். சுத்தமான பெட்ரோலிலோ கார்புரேட்டர் கிளீனரிலோ ஊறவைத்து, தன் எடையில் தானே வழுக்கி இறங்கும்வரை பொறுத்திருங்கள்.

வெப்ப முள் ஏறுகிறது

நிற்கும்போது ஏறி, ஓடும்போது இறங்கினால் ஃபேன் பக்கம்: ஃபியூஸ், தெர்மோ ஸ்விட்ச், மோட்டார். ஓடும்போதுதான் ஏறுகிறது என்றால் தண்ணீர் ஓட்டம்: அடைந்த ரேடியேட்டர், உள்ளே சுருங்கும் ஹோஸ், தேய்ந்த பம்ப். எஞ்சின் நடுவில், ரேடியேட்டர் முன்னால் உள்ள 308, 328 மாதிரி வண்டிகளில் நீளமான குழாய்களில் காற்று மாட்டிக்கொள்ளும். தண்ணீரை மாற்றிய மறுநாள் முள் துள்ளினால் பாகத்தைக் குறை சொல்லுமுன் காற்று நீக்கும் திருகுகளைத் திறந்து மறுபடி காற்றை எடுங்கள்.

வாட்டர் பம்பின் அடியில் ஒரு சின்ன வடிதுளை உண்டு. அதன் வாயில் வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்புப் பூத்திருந்தால் உள்ளே சீல் போய்விட்டது. துளையை அடைத்துவிடலாமா என்று கேட்டவர்களும் உண்டு! அடைத்தால் தண்ணீர் பேரிங்குக்குள் போகும்.

இந்தப் பம்பை மறுபடி கட்டுவது எனக்குப் பிடித்த வேலை. அலுமினிய வார்ப்பு அப்படியே இருக்க, உள்ளே ஷாஃப்ட், பேரிங், சீல் மட்டும் புதிது. பழைய பேரிங்கைச் சுத்தியலால் அடித்து எடுப்பவர்கள் வார்ப்பின் உட்சுவரைக் கீறி, புதிய பேரிங் தளர்வாக உட்காரும்படி செய்துவிடுவார்கள். அதற்குப் பதில் வார்ப்பைச் சூடாக்குங்கள். ஒரே வெப்பத்துக்கு அலுமினியம் இரும்பைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். 40 மில்லிமீட்டர் துளை 100 டிகிரி கூடுதல் சூட்டில் 0.09 மில்லிமீட்டர் அகலமாகும், உள்ளே இருக்கும் இரும்புப் பேரிங் அதில் பாதிதான் விரியும். வார்ப்பை ஓவனில் வைத்து எடுத்துக் கவிழ்த்து, மரக்கட்டையில் ஒரு தட்டு தட்டினால் பேரிங் தானே விழும். போடும்போது பேரிங்கை ஃபிரீசரில் வைத்து, வார்ப்பை மறுபடி சூடாக்கினால் விரலால் வைத்தாலே "டொக்" என்று உட்கார்ந்துவிடும். பிடி இறுகப் பத்து விநாடிகூட ஆகாது, அதனால் கோணலாக வைத்துவிட்டு யோசிக்க நேரம் இருக்காது.

கையோடு டைமிங் பெல்ட்டையும் அதன் இறுக்கிப் பேரிங்கையும் பார்த்துவிடுங்கள். 348, எஃப்355, டெஸ்டரோசாவில் பெல்ட்டுக்கு எஞ்சினையே இறக்க வேண்டும். இறக்கிய அன்று கைக்கு எட்டும் ஹோஸ், சீல் எல்லாவற்றையும் மாற்றாமல் மறுபடி ஏற்றுபவரை நான் தைரியசாலி என்றுதான் சொல்வேன்.

நீலப் புகை, எண்ணெய் குறைகிறது

காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு மேகம், அப்புறம் சுத்தம். அல்லது இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை விட்டு வந்து மறுபடி மிதிக்கும்போது ஒரு மேகம். இந்த இரண்டும் வால்வு கைடு (வால்வின் தண்டு ஓடும் குழல்) அல்லது வால்வு சீல். சுமை ஏற்றி முடுக்கும்போது விடாமல் புகைத்தால் பிஸ்டன் ரிங்.

எஃப்355-இன் ஆரம்ப கால வண்டிகளில் வெண்கல வால்வு கைடுகள் சீக்கிரம் தேய்வது எல்லோருக்கும் தெரிந்த கதை. சிலிண்டருக்கு ஐந்து வால்வு, எட்டு சிலிண்டர், மொத்தம் நாற்பது கைடு. சந்தேகம் வந்தால் எஞ்சினைச் சூடாக்கி, ஒவ்வொரு சிலிண்டரின் பிஸ்டனையும் மேல் முனையில் நிறுத்தி, காற்றழுத்தம் கொடுத்து எத்தனை சதவீதம் கசிகிறது என்று பாருங்கள். பத்துக்குள் இருந்தால் நிம்மதி. இருபதைத் தாண்டினால் காதை வையுங்கள்: எக்ஸாஸ்ட்டில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, உள்ளிழுக்கும் பக்கம் சீறினால் அந்த வால்வு, எண்ணெய் ஊற்றும் வாயில் சீறினால் ரிங். கைடு தேய்ந்தால் வால்வு ஆடி ஆடித் தன் இருக்கையையும் கெடுத்துக்கொள்ளும். அதனால்தான் கைடைப் பார்க்கப் போனவர் கசிவைக் காண்கிறார்.

சிலிண்டர் ஹெட் அசலாகவே இருக்கலாம். பழைய கைடுகளை அழுத்தி எடுத்து, எஃகுக் கைடு போட்டு, உள்துளையை அளவுக்குச் சீவி, அந்தப் புதிய மையத்தை வைத்து இருக்கையை மறுபடி வெட்ட வேண்டும். கடைசிப் படியை விட்டுவிடும் பட்டறையில் கொடுக்காதீர்கள்.

இதே வண்டிகளில் டாஷ்போர்டில் "ஸ்லோ டவுன்" விளக்கு எரிந்தால் எக்ஸாஸ்ட் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் அதிகம் சூடாகிறது என்று பொருள். முதலில் நம்பி வேகத்தைக் குறைத்து நிறுத்துங்கள். சூடு உண்மையில் இல்லை என்று உறுதியான பிறகுதான் சென்சாரைச் சந்தேகிக்கலாம். இடதுக்கும் வலதுக்கும் வெப்பத்தைக் கவனிக்கும் தனித்தனி ஈசியூ (மின்னணுக் கட்டுப்பாட்டு) பெட்டிகள் இருக்கின்றன. இரண்டையும் இடம் மாற்றி மாட்டுங்கள். எச்சரிக்கை மறுபக்கம் தாவினால் பெட்டி கெட்டது. தாவாமல் அங்கேயே இருந்தால் சென்சாரோ வயரோ, இல்லையென்றால் மெய்யாகவே சூடு. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் விரிசல் விழுந்து, குளிரில் "டிக் டிக்" என்று சத்தம் வந்து சூடானதும் மறைகிறதா என்றும் கேளுங்கள். அந்த விரிசல் வெளிக்காற்றை உள்ளே இழுத்து ஆக்சிஜன் சென்சாரை ஏமாற்றும். அது பெட்ரோலைக் கூட்டும், கன்வெர்ட்டர் கொதிக்கும்.

முன்பக்கம் "கடக் கடக்"

சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் பால் ஜாயின்ட் அல்லது சக்கரப் பேரிங், பக்கவாட்டில் ஆட்டினால் ஸ்டீயரிங் முனை. எதுவும் ஆடவில்லை, ஆனாலும் சத்தம் என்றால் சஸ்பென்ஷன் ஆர்மில் உள்ள புஷ். ரப்பரையே போடுங்கள். பந்தய வண்டிக்கான கெட்டிப் பொருள் போட்டால் சத்தம் போய், பல் ஆடும் அதிர்வு வரும். போல்ட்டுகளை வண்டி சக்கரத்தில் நின்று சுமை ஏறிய பிறகுதான் கடைசி முறுக்கு முறுக்க வேண்டும். தூக்கிய நிலையில் முறுக்கினால் ரப்பர் எப்போதும் திருகிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழியும்.

டாஷ்போர்டு தோல் கண்ணாடியோரம் எழும்புகிறது

வெயிலில் தோல் சுருங்க, அடியிலுள்ள பசை சூட்டில் விட்டுக்கொடுக்க, முன்கண்ணாடியின் கீழே வாய் பிளந்த மாதிரி ஆகிவிடும். அந்த இடைவெளியில் பசையை ஊற்றி, மேலே புத்தகத்தை அடுக்கி வைத்து ஒட்டப் பார்த்தவர்கள் உண்டு. நாலு நாள் நிற்கும். சுருங்கிய தோலில் நீளமே குறைந்துவிட்டது, இழுத்தால் வேறொரு இடத்தில் எழும்பும்.

டாஷ்போர்டை முழுதாக வெளியே எடுங்கள். பழைய பசையை அடியிலிருந்து சுத்தமாக நீக்கி, தோலின் பின்பக்கத்தில் ஈரம் ஏற்றி, நீராவி காட்டி மெதுவாக நீட்டிப் பாருங்கள். தோல் இன்னும் மென்மையாக இருந்தால் விரலளவு திரும்பக் கிடைக்கும், அது போதும். வெப்பம் தாங்கும் பசையை இரண்டு பக்கமும் தடவி, தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காயவிட்டு, நடுவிலிருந்து விளிம்பு நோக்கி அழுத்துங்கள். விளிம்பு வளைவில் தோலின் ஓரத்தை அடிப்பக்கம் மடித்து, பசை முழுதாகப் பிடிக்கும்வரை துணி வைத்த கிளிப்புகளால் பிடித்து ஒரு முழு நாள் விடுங்கள். நீட்டும்போது காகிதம் மாதிரி "சர்ர்" என்று சத்தம் வந்தால் நிறுத்துங்கள். அந்தத் தோல் முடிந்தது. அதைத் தையலோரமாகப் பிரித்து எடுத்து, அதையே வடிவக் காகிதமாக வைத்துப் புதுத் தோலை வெட்டலாம். பழைய தையல் துளைகளின் இடைவெளியையும் எண்ணி அதே கணக்கில் தைக்கச் சொல்லுங்கள்.